மெல்னிகோவ் இல்லம்

மெல்னிகோவ் இல்லம் (1927-1929) ரஷ்யக் கட்டிடக்கலைஞர் கான்ஸ்டன்டின் மெல்னிகோவ் தனக்கும் தன் மனைவிக்கும் இரு பிள்ளைகளுக்குமாக மாஸ்கோவில் வடிவமைத்துக் கட்டிய வீடு. ஒன்றையொன்று ஊடுருவி நிற்கும் இரண்டு உருளைகளாலும், சுவரெங்கும் தேன்கூடு போல அமைந்த அறுகோணச் சாளரங்களாலும் உலகப்புகழ் பெற்றது. இருபதாம் நூற்றாண்டின் முக்கியமான தனி வீடுகளில் ஒன்றாகக் கருதப்படுகிறது. இன்று அருங்காட்சியகமாக உள்ளது.

இந்த வீட்டைப் பற்றிய எழுத்துகளில் பெரும்பாலானவை அதன் வெளித்தோற்றத்தின் புதுமையிலேயே நின்றுவிடுகின்றன. ஆனால் வீடு சிற்பம் அல்ல. அதில் சமையல் நடக்கிறது, பிள்ளைகள் வளர்கிறார்கள், முதுமை வருகிறது. மெல்னிகோவ் இங்கே 45 ஆண்டுகள் வாழ்ந்தார். அவருடைய மகன் இறக்கும்வரை கணக்கிட்டால் ஒரே குடும்பம் இங்கே 77 ஆண்டுகள் வாழ்ந்தது. அந்த வாழ்க்கைக்கு வீடு எந்த அளவுக்கு இடம் கொடுத்தது, எங்கே கொடுக்க மறுத்தது என்ற கேள்வியைக் கொண்டே இதை மதிப்பிட வேண்டும்.

கட்டிடக்கலைஞர்

கான்ஸ்டன்டின் ஸ்தெபானோவிச் மெல்னிகோவ் 1890-ல் மாஸ்கோவில், விவசாயக் குடியிலிருந்து வந்த எளிய குடும்பத்தில் பிறந்தார். சிறுவனாக ஒரு வணிக நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது அதன் உரிமையாளர்களில் ஒருவரான பொறியாளர் விளாதிமிர் சாப்ளின் அவருடைய ஓவியத் திறனைக் கண்டுகொண்டு படிக்க வைத்தார். மாஸ்கோவின் ஓவிய, சிற்ப, கட்டிடக்கலைப் பள்ளியில் முதலில் ஓவியமும் பின்னர் கட்டிடக்கலையும் பயின்று 1917-ல் முடித்தார்.

புரட்சிக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் மெல்னிகோவின் வளர்ச்சி மிக வேகமானது. 1923-ல் மாஸ்கோவில் நடந்த அனைத்து ரஷ்ய வேளாண் கண்காட்சியில் மக்கோர்க்கா புகையிலைக்கான மர அரங்கை வடிவமைத்தார். 1924-ல் லெனினின் உடலை வைப்பதற்கான கண்ணாடிப் பேழையை வடிவமைத்தார். 1925-ல் பாரிஸ் அலங்காரக் கலைக் கண்காட்சியில் சோவியத் அரங்கைக் கட்டினார். மலிவான மரத்தில் குறைந்த நாட்களில் எழுப்பப்பட்ட அந்த அரங்கில் செவ்வக வடிவக் கட்டிடத்தை மூலைக்கு மூலையாக ஒரு படிக்கட்டு பிளந்து சென்றது. அதன்பின் ஐரோப்பா அவரைக் கவனித்தது. மாஸ்கோ திரும்பியபின் பேருந்து நிறுத்தகங்களையும் ரூசகோவ் மன்றம் முதலிய தொழிலாளர் மன்றங்களையும் வடிவமைத்தார். தன் வீட்டைக் கட்டத் தொடங்கியபோது அவர் புகழின் உச்சத்தில் இருந்தார். அவருக்கு வயது 37.

இடமும் காலமும்

வீடு மாஸ்கோவின் மையத்தில், அர்பாத் தெருவை ஒட்டிய கிரிவோஅர்பாத்ஸ்கி சந்தில் பத்தாம் எண் மனையில் உள்ளது. 1927-ல் நகர நிர்வாகம் மெல்னிகோவுக்கு இந்த மனையை அளித்தது. வட்ட வடிவ வீடுகளைப் பரவலாகக் கட்ட முடியுமா என்று பார்ப்பதற்கான சோதனைக் கட்டிடம் என்ற பெயரில் அனுமதி கிடைத்தது.

இந்த அனுமதி எத்தனை விதிவிலக்கானது என்பதை அன்றைய மாஸ்கோவை வைத்தே புரிந்துகொள்ள முடியும். கிராமங்களிலிருந்து மக்கள் நகருக்கு வந்துகொண்டிருந்தனர். பழைய வசதியான வீடுகள் பிரிக்கப்பட்டு, ஓர் அறைக்கு ஒரு குடும்பம் என்ற கணக்கில் மக்கள் குடியமர்த்தப்பட்டனர். சமையலறையும் கழிப்பறையும் அனைவருக்கும் பொது. கட்டிடக்கலைஞர்களும் கூட்டு வாழ்க்கைக்கான கட்டிடங்களையே கனவு கண்டனர். மோய்செய் கின்ஸ்பர்க்கும் இக்னாத்தி மிலினிஸும் வடிவமைத்த நார்கோம்ஃபின் குடியிருப்பு (1928-1930) இதே ஆண்டுகளில் எழுந்தது. அதில் உணவுக்கூடமும் பிற வசதிகளும் பொதுவானவை. குடும்பச் சமையலறை மெல்ல மறைந்துவிடும் என்று அதை வடிவமைத்தவர்கள் நம்பினர். அந்த நகரத்தில், அந்த ஆண்டுகளில், ஒரு குடும்பத்துக்கு மட்டுமாக ஒரு வீடு எழுந்தது. இந்த முரண்பாடு வீட்டின் பிற்கால வரலாறு முழுவதையும் தீர்மானித்தது.

சுவர்

வீட்டின் தரைப்படம் எட்டு என்ற எண்ணை ஒத்தது. சந்தை நோக்கி நிற்கும் உருளை உயரம் குறைவானது. பின்னால் உள்ளது உயரமானது. ஊடுருவும் உருளைகள் என்னும் எண்ணம் மெல்னிகோவிடம் முன்பே இருந்தது. ஸூயெவ் தொழிலாளர் மன்றத்துக்கான போட்டியில் வரிசையாகக் கோத்த உருளைகளை அவர் முன்வைத்தார். வாய்ப்பு இல்யா கொலோசொவுக்குச் சென்றது. பெரிய மன்றத்துக்காகச் சிந்தித்த வடிவத்தை மெல்னிகோவ் தன் வீட்டுக்காகச் சுருக்கிக்கொண்டார்.

வீட்டின் உண்மையான கண்டுபிடிப்பு அதன் வடிவத்தில் அல்ல, சுவரில் உள்ளது. அன்று மாஸ்கோவில் எஃகும் சிமெண்டும் எளிதில் கிடைக்காதவை. செங்கல்லும் மரமும் மட்டுமே கைக்கு எட்டுபவை. மெல்னிகோவ் செங்கற்களை இடைவெளி விட்டு அடுக்கி, மேலே செல்லச் செல்ல அவற்றைச் சற்றே முன்தள்ளி ஒன்றுசேர வைத்து, சுவர் முழுவதையும் அறுகோணத் துளைகள் கொண்ட வலைபோலக் கட்டினார். துளைகள் ஒரு வரிசைக்கு அடுத்த வரிசை விலகி அமைந்திருப்பதால் மேலிருந்து வரும் எடை ஒவ்வொரு துளையையும் சுற்றிக்கொண்டு சாய்வாகக் கீழே இறங்குகிறது. ஆகவே சாளரத்தின் தலைக்கு மேல் தாங்குகல் தேவையில்லை. தூண்களும் தேவையில்லை. எடை எங்கும் குவியாமல் சுவர் முழுவதும் பரவுகிறது.

இந்த முறையில் இருநூற்றை ஒட்டிய துளைகள் உருவாயின. அவற்றில் சுமார் 60 சாளரங்களாயின. மற்றவை களிமண்ணும் கட்டுமானத்தில் மிஞ்சிய உடைகற்களும் கொண்டு நிரப்பப்பட்டுப் பூசப்பட்டன. இதனால் செங்கல் மிச்சமாயிற்று. இடிபாடுகளை வெளியேற்றும் செலவு குறைந்தது. நிரப்பிய துளைகள் மாஸ்கோவின் குளிரைத் தடுக்கவும் உதவின. எந்தத் துளை சாளரமாக வேண்டும் என்ற முடிவும் நிரந்தரமானதல்ல. அடைத்ததைத் திறந்து சாளரமாக்கலாம், சாளரத்தை அடைத்துச் சுவராக்கலாம். சுவரின் வலிமை குறைவதில்லை.

தளங்களிலும் இதே சிக்கனம் தெரிகிறது. பெரிய விட்டங்களைக் கொண்டு வட்ட அறையின் குறுக்கே பாவுவதற்குப் பதிலாக, மெல்னிகோவ் பலகைகளை விளிம்பில் நிறுத்தி ஒன்றுக்கொன்று செங்குத்தாகக் கோத்துச் சதுரக் கட்டங்களை அமைத்தார். மேலும் கீழும் பலகை அறைந்ததும் அது ஒரே தகடுபோல எல்லாத் திசைகளிலும் எடையைச் சுவருக்குக் கடத்தியது.

இதே ஆண்டுகளில் பிரான்சில் லெ கார்பூசியே வில்லா சவாய் வீட்டைக் கட்டிக்கொண்டிருந்தார் (1928-1931). இரண்டும் நவீன வீட்டின் அடையாளங்களாக அருகருகே வைத்துப் பேசப்படுகின்றன. ஆனால் வில்லா சவாய் வசதிபடைத்த ஒரு குடும்பத்தின் வார இறுதி இல்லம். கான்கிரீட் என்னும் புதிய பொருளின் சாத்தியங்களைக் காட்டுவது. மெல்னிகோவ் இல்லம் பழைய பொருளைக் கொண்டு, பற்றாக்குறையின் நடுவே கட்டப்பட்டது. எதிர்காலத்தின் வீடு என்று அதைப் புகழ்பவர்கள் அது கொத்தனாரும் தச்சரும் கையால் கட்டிய வீடு என்பதை மறந்துவிடுகிறார்கள்.

அறைகள்

தரைத்தளத்தில் நுழைவறை, உணவறை, சமையலறை, குளியலறை, உடைமாற்றும் அறைகள், பிள்ளைகளின் படிப்பறைகள் ஆகியவை உள்ளன. வட்டத்தைப் பல துண்டுகளாக வெட்டியதனால் இவை சிறியவை. சில ஆப்பு வடிவம் கொண்டவை. அன்றாட வேலைகள் அனைத்தும் இங்கே நெருக்கமாக அடுக்கப்பட்டுள்ளன. மகன் விக்டருக்கும் மகள் லுத்மிலாவுக்கும் ஒரே அளவில் தனித்தனிப் படிப்பறைகள் ஒதுக்கப்பட்டிருப்பது குறிப்பிடத்தக்கது. ஒரு குடும்பமே ஓர் அறையில் வாழ்ந்த நகரத்தில் மகளுக்கும் மகனுக்கும் சமமான தனியறைகள் கிடைத்தன.

சுழற்படிக்கட்டில் ஏறினால் இந்த நெருக்கம் சட்டென்று விலகுகிறது. முன் உருளையில் இரு தள உயரம் கொண்ட வரவேற்பறை உள்ளது. அதன் தெற்குச் சுவர் ஏறக்குறைய முழுவதும் கண்ணாடி. பின் உருளையின் உச்சியில் அதே போன்ற உயரமான வட்ட அறை ஒன்று உள்ளது. அது மெல்னிகோவின் பணியறை. அங்கே ஒரு பெரிய கண்ணாடிக்குப் பதிலாக 38 அறுகோணச் சாளரங்கள் உள்ளன.

வீட்டின் உச்சம் என்று சொல்லத்தக்கது இந்த இரண்டு அறைகளுக்கும் இடையிலான வேறுபாடு. இரண்டும் வட்டமானவை, இரண்டும் உயரமானவை. ஆனால் வரவேற்பறையில் வெளிச்சம் ஒரு திசையிலிருந்து வெள்ளமாக வருகிறது. வெளியே உள்ள மரங்களும் தெருவும் அறைக்குள் நுழைகின்றன. பணியறையில் வெளிச்சம் சுற்றிலுமிருந்து சிறு சிறு துண்டுகளாக வருகிறது. வரைபலகையின் மேல் அழுத்தமான நிழல் விழுவதில்லை. வெளியே என்ன இருக்கிறது என்று கண் தேடுவதுமில்லை. வடிவத்தை மாற்றாமல் ஒளியை மட்டும் மாற்றி, விருந்தினருக்கான அறையையும் தனிமைக்கான அறையையும் மெல்னிகோவ் உருவாக்கியிருக்கிறார். புகைப்படங்களில் அறுகோணங்கள் அலங்காரமாகத் தோன்றும். அவை இங்கே வேலை செய்கின்றன.

உறங்கும் அறை

வரவேற்பறைக்குப் பின்னால், உயரமான உருளையின் நடுத்தளத்தில் உறங்கும் அறை உள்ளது. உறக்கம் மருந்தைவிட முக்கியமானது, மனித வாழ்வில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும் உறக்கத்தைக் கட்டிடக்கலை பொருட்படுத்தவே இல்லை என்பது மெல்னிகோவின் நம்பிக்கை. மாஸ்கோவுக்கு வெளியே திட்டமிடப்பட்ட ‘பசுமை நகரம்’ என்னும் ஓய்வு நகரத்துக்கான போட்டியில் அவர் ‘உறக்கத்தின் சொனாட்டா’ என்ற உறங்கும் கூடத்தை முன்வைத்தார். சாய்ந்த தளமும், ஒலி, மணம், வெப்பம் ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடுகளும் கொண்ட அந்தக் கூடத்தில் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் படுத்து உறங்குவார்கள்.

அந்த எண்ணத்தின் சிறு வடிவமே வீட்டின் உறங்கும் அறை. குடும்பம் முழுவதும் ஒரே அறையில் உறங்கியது. சுவரும் கூரையும் பொன்னிறத்தில் பூசப்பட்டன. கட்டில்கள் தளத்திலிருந்தே எழுந்து நின்றன, நகர்த்த முடியாதவை. பெற்றோரின் படுக்கையையும் பிள்ளைகளின் படுக்கைகளையும் முழுமையாக மூடாத தடுப்புகள் மட்டுமே பிரித்தன. அலமாரி, மேசை, துணி எதற்கும் அங்கே இடமில்லை. உடைகள் கீழ்த்தளத்தில் இருந்தன.

இந்த அறையைப் பொன்னொளியில் மிதக்கும் அற்புதம் என்று எழுதியவர்கள் உண்டு. ஆனால் வீடு கட்டி முடிக்கப்பட்டபோது பிள்ளைகள் பதின்பருவத்தில் இருந்தனர். பகலில் தனியறை பெற்ற அவர்களுக்கு இரவில் தனிமை மறுக்கப்பட்டது. நோயுற்றவர் எங்கே படுப்பார், தாமதமாக வருபவர் எப்படி மற்றவர்களை எழுப்பாமல் நுழைவார் போன்ற எளிய கேள்விகளுக்கு இந்த அறையில் விடையில்லை. தன் காலத்தின் கூட்டு வாழ்க்கைக் கொள்கையிலிருந்து விலகித் தனி வீடு கட்டியவர், அந்த வீட்டுக்குள் இந்த ஓர் அறையில் தன் குடும்பத்தைத் தன் கொள்கைக்கு உட்படுத்தினார். நூற்றுக்கணக்கானவர்களை ஒரே கூடத்தில் உறங்க வைக்கும் திட்டத்துக்கும் இந்தப் பொன்னறைக்கும் அளவில்தான் வேறுபாடு.

1941-ல் அருகிலிருந்த வக்தாங்கவ் நாடக அரங்கின் மேல் குண்டு விழுந்தபோது அதிர்வில் வீட்டின் கண்ணாடிகள் நொறுங்கின. போர்க்காலச் சேதத்துக்குப் பின் உறங்கும் அறையின் பொன்பூச்சும் தளத்தோடு இணைந்த கட்டில்களும் பழைய வடிவில் எஞ்சவில்லை. பின்னர் சாதாரணக் கட்டில்கள் வந்தன. வரவேற்பறையும் பணியறையும் தங்கள் இயல்பைத் தக்கவைத்துக்கொண்டன. மாற்றத்துக்கு இடம் வைக்காமல் கட்டப்பட்ட அறை மட்டுமே முற்றிலும் வேறொன்றாயிற்று.

முகப்பில் பெயர்

முகப்பின் பெரும் கண்ணாடிக்கு மேலே ‘கான்ஸ்டன்டின் மெல்னிகோவ், கட்டிடக்கலைஞர்’ என்ற சொற்கள் ரஷ்ய எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. மெல்னிகோவைப் பற்றி விரிவான நூல் எழுதிய அமெரிக்க வரலாற்றாய்வாளர் எஸ். ஃபிரெடெரிக் ஸ்டார் அவரை வெகுமக்கள் சமூகத்தின் நடுவே தனித்து இயங்கிய கலைஞராகக் காண்கிறார். இந்தப் பெயர்ப் பொறிப்பு அந்தப் பார்வைக்கு மிக வலுவான சான்று. கட்சியின் பெயரும் நிறுவனத்தின் பெயரும் மட்டுமே முகப்புகளில் எழுதப்பட்ட நகரத்தில் ஒருவர் தன் பெயரை எழுதினார்.

ஸ்டாரின் பார்வை சரியானது, ஆனால் முழுமையானது அல்ல. மெல்னிகோவ் இந்த வீட்டைத் தனிமனிதனின் கோட்டையாக மட்டும் எண்ணவில்லை. உருளைகளைக் கோத்து மலிவான குடியிருப்புகளை வரிசையாகக் கட்டலாம் என்று பின்னரும் வாதிட்டார், வரைபடங்களும் செய்தார். சுவரின் சிக்கனம் முழுவதும் எல்லோருக்குமான வீட்டை நோக்கியது. பெயர் ஒருவருடையது, கட்டுமுறை எவரும் எடுத்துக்கொள்ளக்கூடியது. அந்தப் பெயரை மட்டும் பார்த்தவர்கள் அன்றும் இருந்தனர். அவர்களுடைய தீர்ப்பே வென்றது.

பெயரைக் குறித்து இன்னொன்றும் சொல்லவேண்டும். குடும்பத்துக்காகக் கட்டிய வீட்டின் நெற்றியில் குடும்பம் இல்லை. கீழ்த்தளத்தின் நெருக்கமான அறைகளில் வீட்டை நடத்திய மனைவி அன்னாவுக்கு அந்த முகப்பில் இடமில்லை. வீட்டின் உயரமும் ஒளியும் விருந்தினருக்கும் கலைஞருக்கும் அளிக்கப்பட்டன. சமையலும் துவைத்தலும் கீழேயே நின்றன. இது மெல்னிகோவின் குறை மட்டுமல்ல, கட்டிடக்கலைஞர்கள் தங்களுக்காகக் கட்டிக்கொண்ட வீடுகள் பலவற்றின் பொதுக்குறை.

ஒதுக்கப்பட்ட ஆண்டுகள்

1930-களில் சோவியத் கலைக்கொள்கை மாறியது. தூண்களும் அலங்காரங்களும் கொண்ட பழைய பாணி அரசின் பாணியாயிற்று. 1933-ல் மிலான் கண்காட்சிக்கு உலகின் முதன்மையான கட்டிடக்கலைஞர்களுள் ஒருவராக அழைக்கப்பட்ட மெல்னிகோவ், சில ஆண்டுகளுக்குள் தன் நாட்டில் ‘வடிவவாதி’ என்று கண்டிக்கப்பட்டார். 1937-ல் கூடிய சோவியத் கட்டிடக்கலைஞர்களின் முதல் மாநாட்டுக்குப் பின் அவருக்குத் தொழிலில் இடமில்லாமல் போயிற்று. கைது செய்யப்படவில்லை. வீடும் பறிக்கப்படவில்லை. ஆனால் கட்டுவதற்கு எதுவும் அளிக்கப்படவில்லை.

1974-ல் இறக்கும்வரை மெல்னிகோவ் இந்த வீட்டில் வாழ்ந்தார். உருவப்படங்கள் வரைந்தார், அவ்வப்போது கற்பித்தார், கட்டப்படாத திட்டங்களை வரைந்தார். சோதனைக்காக என்று அனுமதிக்கப்பட்ட வீடு அவருடைய கடைசிப் பெரிய கட்டிடங்களில் ஒன்றாயிற்று. வேலை இழந்த பிற கலைஞர்கள் பலர் வேறு தொழிலுக்குச் சென்று மறைந்தனர். மெல்னிகோவுக்குத் திரும்பிச் செல்ல ஓர் அறை இருந்தது. 38 சாளரங்கள் கொண்ட பணியறையில் வரைபலகை காலியாக நின்ற ஆண்டுகளிலும் ஒளி வந்துகொண்டிருந்தது. மகன் விக்டர் ஓவியரானபோது அதே அறையில் ஓவியம் தீட்டினார்.

விக்டர் மெல்னிகோவ் தந்தையின் ஆவணங்களையும் வீட்டையும் பாதுகாத்து, அது அரசு அருங்காட்சியகமாக வேண்டும் என்று விரும்பினார். 2006-ல் அவர் மறைந்தபின் உரிமை குறித்து நீண்ட வழக்குகள் நடந்தன. 2014-ல் மாஸ்கோவின் ஷூசெவ் கட்டிடக்கலை அருங்காட்சியகத்தின் பொறுப்பில் வீடு பார்வையாளர்களுக்குத் திறக்கப்பட்டது. சிறு குழுக்களாக முன்பதிவு செய்து பார்க்கும் ஏற்பாடு அப்போது இருந்தது.

மதிப்பீடு

மெல்னிகோவ் இல்லத்தில் இரண்டு கட்டிடக்கலைஞர்கள் தெரிகிறார்கள். ஒருவர் சுவரைக் கட்டியவர். நாளை என்ன தேவைப்படும் என்று தனக்குத் தெரியாது என்பதை அவர் ஒப்புக்கொள்கிறார். ஆகவே இருநூறு துளைகளை வைத்து, எதைத் திறப்பது என்ற முடிவை வாழ்க்கைக்கு விட்டுவிடுகிறார். இன்னொருவர் உறங்கும் அறையைக் கட்டியவர். மனிதர்கள் எப்படி உறங்கவேண்டும் என்று அவருக்கு உறுதியாகத் தெரியும். ஆகவே கட்டிலைத் தளத்தோடு இணைத்துவிடுகிறார். நவீனக் கட்டிடக்கலையின் பெருமையும் பிழையும் இந்த இருவரிடமிருந்தும் வந்தவை. இருபதாம் நூற்றாண்டின் பல நகரங்கள் இரண்டாமவரின் கையில் கட்டப்பட்டன.

கட்டிடக்கலைஞர் தன் குடும்பத்துக்காகக் கட்டும் வீட்டில் அவரை மறுக்க ஆளில்லை. பிறருக்குக் கட்டும்போது பணம் கொடுப்பவர் ‘இது எனக்கு வசதிப்படாது’ என்று சொல்லக்கூடும். பிள்ளைகளால் அப்படிச் சொல்ல முடிவதில்லை. அதனாலேயே இத்தகைய வீடுகள் கட்டிடக்கலைஞரின் கனவை முழுமையாகக் காட்டுகின்றன. அந்தக் கனவின் சுமை யார் மேல் விழுந்தது என்பதையும் காட்டுகின்றன. மெல்னிகோவ் இல்லம் இரண்டையும் மறைக்காமல் வைத்திருக்கிறது.

ஆயினும் எஞ்சி நிற்பது சுவர்தான். மிஞ்சிய உடைகற்களை நிரப்பிக் கட்டிய அந்தச் சுவர் குண்டின் அதிர்வையும் பல குளிர்காலங்களையும் தாங்கியது. கட்டியவரைத் தொழிலிலிருந்து விலக்கிய அரசை விடவும் நீண்டகாலம் நின்றது. அவரைக் கண்டித்தவர்கள் போற்றிய அலங்கார முகப்புகள் இன்று ஒரு காலகட்டத்தின் அடையாளங்கள். மெல்னிகோவின் சுவர், குறைந்த செங்கல்லில் அதிக வெளிச்சத்தை ஒரு வீட்டுக்குள் எப்படிக் கொண்டுவரலாம் என்று இன்றும் மாணவர்களுக்குக் கற்பிக்கிறது.